பழைய காருக்குக் கூலண்ட் ஊற்றுவதும் மாற்றுவதும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

தென்னாப்பிரிக்காவில் டர்பன், சாட்ஸ்வொர்த், ஃபீனிக்ஸ், டொங்காட் பக்கம் இன்னும் எத்தனையோ வீட்டு வாசலில் ஒரு டொயோட்டா டாஸோ, சிட்டி கோல்ஃபோ, நிஸான் 1400 பக்கியோ (சிறு பிக்கப் வண்டி) நிற்கிறது. டாஸ் தயாரிப்பு 2006இல் நின்றது, 1400 பக்கி 2008இல், சிட்டி கோல்ஃப் 2009இல். இவற்றில் கடைசியாக வந்த வண்டிக்கே வயது 15ஐத் தாண்டிவிட்டது. நல்ல எஞ்சின்கள்தான், ஒழுங்காகப் பார்த்துக்கொண்டால் இன்னும் பல வருஷம் ஓடும். ஆனால் ஒரு முறை நன்றாகச் சூடேறிவிட்டால் எஞ்சினின் மேல்பகுதியான ஹெட் வளைந்து, வண்டியின் விலையைவிட ரிப்பேர் செலவு கூடிப்போகிறது. கோயிலிலும் கல்யாண வீட்டிலும் என்னிடம் திரும்பத் திரும்பக் கேட்கப்படும் கேள்விகளை இங்கே தொகுத்திருக்கிறேன். வேலையைச் சொந்தமாகச் செய்கிறவர்களுக்கும் உதவும், மெக்கானிக்கிடம் விடுகிறவர்களுக்கும் உதவும்.

டர்பனில் தண்ணீர் உறைவதே இல்லையே, ஆன்டிஃப்ரீஸ் எதற்கு?

ஆன்டிஃப்ரீஸ் என்பது எஞ்சினைக் குளிர்விக்கும் தண்ணீரில் கலக்கும் கூலண்ட்தான், பெயரைப் பார்த்து ஏமாற வேண்டாம். உறையாமல் காப்பது அது செய்யும் வேலைகளில் ஒன்றுதான். நம் ஊருக்கு முக்கியம் மற்ற இரண்டு.

முதலாவது துரு. உங்கள் எஞ்சினின் பிளாக் பெரும்பாலும் வார்ப்பிரும்பு, மேலே இருக்கும் ஹெட் அலுமினியம், ரேடியேட்டர் அலுமினியம் அல்லது பித்தளை. வெவ்வேறு உலோகங்கள் ஒரே தண்ணீரில் நனைந்து கிடந்தால் அவற்றுக்கிடையே சிறிய மின்னோட்டம் உண்டாகி, பலவீனமான உலோகம் அரிக்கப்படும். கூலண்டில் இருக்கும் அரிப்புத் தடுப்பு மருந்துகள் உலோகத்தின் மேல் மெல்லிய படலமாகப் படிந்து இதைத் தடுக்கின்றன. வெறும் தண்ணீரில் ஓடிய பிளாக்கிலிருந்து வெல்ச் பிளக்கை (பிளாக்கின் துளையை அடைக்கும் தகடு மூடி) கழற்றிப் பாருங்கள். வெளியே பெயின்ட் அப்படியே இருக்கும். உள்பக்கம் தகடு தேய்ந்து, ஸ்க்ரூ டிரைவர் நுனியால் அழுத்தினாலே துளை விழும்.

இரண்டாவது, கொதிநிலை. பாதிக்குப் பாதி கலந்த கூலண்ட் கடல் மட்டத்தில் ஏறத்தாழ 107 டிகிரியில்தான் கொதிக்கும். நல்ல மூடி போட்டு அழுத்தம் சேர்ந்தால் அது 125 டிகிரி வரை போகும். தைப்பூசக் காவடிக்கு ஜனவரி, பிப்ரவரி வெயிலில் ஏசி போட்டுக்கொண்டு கார் வரிசையில் ஊர்ந்து போகும்போது இந்த இடைவெளிதான் உங்களைக் காப்பாற்றுகிறது.

அப்புறம், ஜூலைப் பள்ளி விடுமுறையில் ஜோபர்க் (ஜோஹானஸ்பர்க்) உறவினர் வீட்டுக்குப் போனால் கார் இரவில் வெளியேதான் நிற்கும். ஜோபர்க் இருக்கும் ஹைவெல்ட் மேட்டுநிலத்தில் அந்த மாதத்தில் பூஜ்யத்துக்குக் கீழே போவது சாதாரணம். தண்ணீர் உறையும்போது ஏறத்தாழ 9 சதவீதம் விரியும், அந்த விசையை வார்ப்பிரும்பும் தாங்காது.

என் அப்பா வெறும் குழாய்த் தண்ணீர் ஊற்றியே காலமெல்லாம் ஓட்டினாரே?

ஓட்டியிருப்பார். அந்தக் காலத்து வண்டிகளில் பிளாக்கும் ஹெட்டும் வார்ப்பிரும்பு, ரேடியேட்டர் தடித்த செம்பும் பித்தளையும். துருப்பிடித்தாலும் தாங்கின, ஒழுகினால் ரேடியேட்டர் கடையில் ஈயம் வைத்து அடைத்துக்கொடுத்தார்கள். அலுமினிய ஹெட்டும், பிளாஸ்டிக் தொட்டி வைத்த மெல்லிய அலுமினிய ரேடியேட்டரும் அப்படியல்ல. அப்பாவின் பழக்கம் அவருடைய வண்டிக்குச் சரி, இந்த வண்டிக்கு ஆகாது.

அளவை எப்படிப் பார்ப்பது?

காலையில், எஞ்சின் ஆறியிருக்கும்போது, சமதளத்தில் நிறுத்திப் பாருங்கள். பானெட்டுக்குள் கூலண்ட் நிற்கும் பிளாஸ்டிக் பாட்டிலில் கீழ்க்கோட்டுக்கும் மேல்கோட்டுக்கும் நடுவில் இருக்க வேண்டும். சூடாக இருக்கும்போது கூலண்ட் விரிந்திருக்கும், அப்போது பார்ப்பது கணக்கில் சேராது.

பழைய வண்டியில் ஒரு சிக்கல் உண்டு. வெள்ளைப் பாட்டில் மஞ்சளாகி, உள்ளே பழுப்புக் கறை ஒரு கோடாகப் படிந்திருக்கும். அந்தக் கறையைப் பார்த்துவிட்டு ‘அளவு இருக்கிறது’ என்று பானெட்டை மூடிவிடுகிறார்கள், பாட்டிலோ காலியாக இருக்கும். பானெட் ஓரத்தில் கைவைத்து வண்டியை லேசாக ஆட்டுங்கள், நீர்மட்டம் அசையும், கறை அசையாது. அல்லது பின்னாலிருந்து டார்ச் அடித்துப் பாருங்கள்.

டாஸ், 1400 போன்ற வண்டிகளில் ரேடியேட்டருக்கே தனி மூடி இருக்கும். பாட்டிலில் அளவு சரியாக இருந்தாலும், மாதம் ஒரு முறை ஆறிய எஞ்சினில் அந்த மூடியைத் திறந்து கழுத்து வரை நிறைந்திருக்கிறதா என்று பார்ப்பது நல்லது. மூடி கெட்டுப்போனால் பாட்டிலிலிருந்து நீர் திரும்ப உள்ளே போகாது, பாட்டில் நிறைந்தே இருக்க ரேடியேட்டர் வற்றிக்கொண்டிருக்கும். சிட்டி கோல்ஃபில் ரேடியேட்டர் மூடி கிடையாது, அழுத்தம் தாங்கும் மூடி பாட்டிலின் மேலேயே இருக்கிறது.

மூடியை எப்போது திறக்கலாம்?

எஞ்சின் ஆறிய பிறகு மட்டும். சூடான எஞ்சினில் உள்ளே இருப்பது 100 டிகிரியைத் தொட்ட நீர், அழுத்தத்தால் மட்டும் கொதிக்காமல் அடங்கியிருக்கிறது. மூடி விலகிய கணத்தில் அது ஆவியாக முகத்துக்கே வரும். ரேடியேட்டரின் மேல் ஹோஸைத் துணியோடு பிடித்து அமுக்கிப் பாருங்கள். கல்லாக இருந்தால் கிட்டேயே போகாதீர்கள். தளர்வாகவும் வெதுவெதுப்பாகவும் இருந்தால், தடித்த துணியை மூடிமேல் போட்டு முதல் நிலை வரை மட்டும் திருப்பி, சீற்றம் அடங்கிய பிறகு முழுதாகத் திறக்கலாம். இந்த ஒரு விஷயத்தில் அவசரம் என்ற பேச்சே வேண்டாம். குழந்தைகள் பக்கத்தில் நிற்க வேண்டாம்.

பச்சை, நீலம், சிவப்பு, ரோஸ் என்று இருக்கிறதே. என் வண்டிக்கு எது?

நிறம் வெறும் சாயம். எந்த நிறம் எந்த வகைக்கு என்று எல்லாக் கம்பெனிக்கும் பொதுவான விதி இல்லை. ஒரு கம்பெனியின் பச்சை பழைய வகையாக இருக்கும், இன்னொன்றின் பச்சை நீண்டகால வகையாக இருக்கும். டப்பாவின் பின்பக்கத்தைத்தான் படிக்க வேண்டும்.

பழைய வகையில் சிலிகேட், பாஸ்பேட் போன்ற தாது உப்புகள் வேலை செய்கின்றன. அவை உலோகத்தில் வேகமாகப் படியும், ஆனால் வேகமாகத் தீர்ந்தும் போகும். ஆயுள் 2 வருஷம். நீண்டகால வகையில் கரிம அமிலங்கள் வேலை செய்கின்றன, மெதுவாகத் தீரும், 5 வருஷம் வரை வரும். இரண்டையும் கலந்து செய்த வகையும் உண்டு.

டொயோட்டாவின் பழைய சிவப்புக் கூலண்டுக்குக் கணக்கு 2 வருஷம் அல்லது 40,000 கிலோமீட்டர். பிறகு வந்த ரோஸ் நிறக் கூலண்ட் ஃபாக்டரியில் ஊற்றியது என்றால் 1,60,000 கிலோமீட்டர், அதன் பிறகு ஒவ்வொரு 80,000க்கும் மாற்ற வேண்டும். ஃபோக்ஸ்வாகனில் நீலப்பச்சை நிற ஜி11 பழையது, 1990களின் நடுவில் வந்த சிவப்பு ஜி12 வேறு வகை. இந்த இரண்டையும் கலந்தால் பழுப்பு நிறச் சேறாகக் கெட்டிப்பட்டு ரேடியேட்டரின் மெல்லிய குழாய்களை அடைத்துவிடும். ‘சிவப்புதானே, சிவப்பையே ஊற்று’ என்று டொயோட்டா சிவப்பை கோல்ஃபில் ஊற்றுவதும் சரியல்ல. வண்டியின் கையேட்டில் இருக்கும் வகையைக் குறித்துக்கொண்டு ஸ்பேர்ஸ் கடைக்குப் போங்கள்.

செகண்ட் ஹேண்டாக வாங்கினேன். உள்ளே என்ன இருக்கிறது என்றே தெரியவில்லை.

அப்படியானால் கண்டுபிடிக்கப் பாடுபட வேண்டாம். முழுவதும் இறக்கி, கழுவி, புதிதாக ஊற்றிவிடுங்கள். தேதியையும் கிலோமீட்டரையும் வகையையும் ஒரு ஸ்டிக்கரில் எழுதி பானெட்டின் உள்பக்கம் ஒட்டுங்கள். அடுத்து வண்டியை வாங்குகிறவர் உங்களை வாழ்த்துவார்.

எவ்வளவு கலக்க வேண்டும்? எந்தத் தண்ணீர்?

பாதிக்குப் பாதி. அந்தக் கலவை சுமார் மைனஸ் 37 டிகிரி வரை உறையாது. அரிப்புத் தடுப்பு மருந்தின் அளவும் அதில்தான் சரியாக வரும்.

‘கெட்டியாக ஊற்றினால் இன்னும் நல்லதுதானே’ என்று தண்ணீரே சேர்க்காமல் ஊற்றுகிறவர்கள் உண்டு. அது தவறு. சூட்டை ஏந்திச் செல்வதில் தண்ணீரை மிஞ்ச எதுவுமில்லை. ஒரு கிலோ தண்ணீர் ஏந்தும் சூட்டில் ஏறத்தாழ 60 சதவீதத்தைத்தான் கூலண்டின் அடிப்படைப் பொருளான எத்திலீன் கிளைக்கால் ஒரு கிலோ ஏந்தும். அதோடு, சுத்தக் கிளைக்கால் மைனஸ் 13 டிகிரியிலேயே உறைந்துவிடும். தண்ணீர் சேர்ந்தால்தான் இரண்டுக்குமே பலம்.

தண்ணீருக்குக் காய்ச்சி வடித்தது அல்லது உப்பு நீக்கியதுதான் நல்லது. இங்கே பெட்ரோல் பங்கிலும் ஸ்பேர்ஸ் கடையிலும் பேட்டரித் தண்ணீர் என்று கேட்டால் கொடுப்பார்கள். அதிலும் ஒரு எச்சரிக்கை: பேட்டரி ஆசிட் வேறு, பேட்டரித் தண்ணீர் வேறு. லேபிளைப் பார்த்து வாங்குங்கள். போர்வெல் தண்ணீர், அதிலும் ஜோபர்க் சுற்றுப்புறத்தில் டோலமைட் பாறையிலிருந்து வரும் தண்ணீர், கடினமானது. அதன் சுண்ணாம்பு ஹெட்டின் மிகச் சூடான இடங்களில் படிந்து வெள்ளைத் தோலாகிவிடும், அந்த இடத்தில் சூடு வெளியேறாது.

இதற்கெல்லாம் நேரமில்லை என்றால் ஏற்கெனவே கலந்து விற்கும் கூலண்டை வாங்குங்கள். ஆனால் அதில் மறுபடி தண்ணீர் சேர்க்கக் கூடாது.

மாதம் அரை லிட்டர் ஊற்ற வேண்டியிருக்கிறது. பழைய வண்டிக்கு இது சகஜம்தானே?

இல்லை. இதைச் சற்று அழுத்தியே சொல்கிறேன், ஏனென்றால் ‘பழைய வண்டி கொஞ்சம் குடிக்கும்’ என்ற பேச்சால்தான் நல்ல எஞ்சின்கள் வீணாகின்றன. ஆயில் எரியும். கூலண்ட் எரிய வேண்டிய பொருளே அல்ல. அது மூடிய சுற்றுக்குள் ஓடுகிறது. குறைந்தால் எங்கோ வெளியே போகிறது, அல்லது எஞ்சினுக்குள் போகிறது. வருஷத்துக்கு ஒரு முறை பாட்டிலில் விரல் அளவு குறைந்தால் விட்டுவிடலாம். மாதாமாதம் குறைந்தால் ஊற்றுவதோடு வேலை முடியவில்லை.

தேடும் வழி இது. இரவில் வண்டிக்கு அடியில் அட்டைப் பெட்டியைப் பிரித்து விரித்து வையுங்கள். காலையில் கறை எந்த இடத்துக்கு நேர்கீழே இருக்கிறது என்று பாருங்கள். ஏசியிலிருந்து சொட்டுவது வெறும் தண்ணீர், நிறமும் வழவழப்பும் இருக்காது.

அட்டை காய்ந்தே இருந்தால், சூடான எஞ்சினில் மட்டும் ஒழுகுகிறது என்று அர்த்தம். சூடான உலோகத்தில் விழும் சொட்டு தரைக்கு வருமுன் ஆவியாகிவிடும். அது விட்டுச்செல்லும் தடத்தைத் தேடுங்கள்: வெள்ளை, பச்சை அல்லது ரோஸ் நிறத்தில் பொடியாகக் காய்ந்த கோடு. ரேடியேட்டரின் பிளாஸ்டிக் தொட்டியும் அலுமினியமும் மடித்துச் சேரும் விளிம்பு, ஹோஸ் கிளிப்புகள், வாட்டர் பம்ப் புல்லிக்குப் பின்னால் கீழ்நோக்கி இருக்கும் சிறு துளை, இந்த மூன்று இடத்தையும் முதலில் பாருங்கள். பம்பின் துளையிலிருந்து கோடு வழிந்திருந்தால் உள்ளே சீல் போய்விட்டது. பம்பை மாற்றுவதைத் தள்ளிப்போடாதீர்கள். டைமிங் பெல்ட்டே பம்பைச் சுற்றும் வண்டி என்றால் இரண்டையும் சேர்த்து மாற்றிவிடுங்கள்.

எங்கும் தடம் இல்லையென்றால் காருக்குள் பாருங்கள். டர்பனில் ஹீட்டரை யாரும் போடுவதில்லை, அதனால் ஹீட்டர் ரேடியேட்டர் ஒழுகுவது தெரியாமலே போகிறது. டாஷ்போர்டுக்கு அடியில் கார்ப்பெட்டைத் தொட்டால் பிசுபிசுப்பாக ஈரம், உள்ளே இனிப்பு வாசனை, முன்கண்ணாடியின் உள்பக்கம் எண்ணெய்ப் பூச்சுபோல் மங்கல் என்றால் சந்தேகமே வேண்டாம்.

ஹெட் கேஸ்கெட் போய்விட்டதா என்று எப்படித் தெரியும்?

ஹெட்டுக்கும் பிளாக்குக்கும் நடுவில் அடைப்பாக இருக்கும் தகடுதான் ஹெட் கேஸ்கெட். ஒரே அடையாளத்தை வைத்து முடிவுகட்ட வேண்டாம். ஆயில் மூடியின் அடியில் வெள்ளைக் கூழ் இருப்பதைப் பார்த்துப் பயந்துவிடுகிறார்கள். ஈரப்பதம் மிகுந்த கடற்கரை ஊரில், கடைக்கும் வீட்டுக்குமாகச் சிறு தூரமே ஓடும் வண்டியில் அது சாதாரண நீராவியாகவும் இருக்கலாம். ஆயில் அளவு பார்க்கும் கம்பியான டிப்ஸ்டிக்கிலேயே பால் கலந்ததுபோன்ற ஆயில் வந்தால்தான் ஆபத்து.

ஆறிய எஞ்சினை ஸ்டார்ட் செய்த ஒரு நிமிஷத்துக்குள் மேல் ஹோஸ் இறுகினால், அது சூட்டால் வந்த அழுத்தம் அல்ல, சிலிண்டரிலிருந்து வாயு நுழைகிறது. ரேடியேட்டர் கழுத்தில் நிற்காமல் குமிழி வருவதும், சூடான பிறகும் சைலன்சரில் இனிப்பு வாசனையோடு வெண்புகை வருவதும் அதே கதைதான். மெக்கானிக்கிடம் ஒரு நீல நிறத் திரவச் சோதனை உண்டு. ரேடியேட்டர் வாயில் வைத்து ஆவியை அதன் வழியே இழுப்பார்கள், எரிந்த வாயு இருந்தால் நீலம் மஞ்சளாகும். ஹெட்டைக் கழற்றச் சம்மதிக்கும் முன் இந்தச் சோதனையைக் கேட்டு வாங்குங்கள்.

மஞ்சள் தூளோ மிளகுத் தூளோ போட்டால் ரேடியேட்டர் ஓட்டை அடைபடும் என்கிறார்களே?

சின்ன ஓட்டை சிறிது நேரம் அடைபடும், பொய்யில்லை. லாரிக்காரர்கள் நெடுநாளாகச் செய்துவரும் கைவைத்தியம் அது. ஆனால் தூளுக்கு எது ஓட்டை, எது குழாய் என்று தெரியாது. ஹீட்டர் ரேடியேட்டரின் மெல்லிய குழாய்களிலும், எஞ்சின் சூடானதும் நீரை ரேடியேட்டருக்குத் திறந்துவிடும் வால்வான தெர்மோஸ்டாட்டிலும் போய்த் தங்கும். கடையில் விற்கும் லீக் அடைப்பானும் ஏறக்குறைய இதையே செய்கிறது. நடு வழியில் வேறு வழியே இல்லாமல் செய்தால், வீடு வந்ததும் ரேடியேட்டரைச் சரிசெய்து சுற்று முழுவதையும் கழுவிவிடுங்கள். வாசலில் நிற்கும் வண்டிக்கு இது தேவையே இல்லை.

ரேடியேட்டர் மூடிக்கு இவ்வளவு முக்கியத்துவம் எதற்கு?

ஏனென்றால் சுற்றிலேயே விலை குறைந்த உறுப்பு அதுதான், கவனிக்கப்படாததும் அதுதான். அது வெறும் மூடி அல்ல, ஸ்பிரிங் வைத்த வால்வு. மேலே 0.9 அல்லது 1.1 என்று எழுதியிருப்பது எத்தனை பார் அழுத்தம் வரை பிடித்து வைக்கும் என்பது.

டர்பனிலிருந்து ஜோபர்க் போகும்போது இதன் அருமை தெரியும். டர்பன் கடல் மட்டத்தில் இருக்கிறது, ஜோபர்க் ஏறத்தாழ 1,700 மீட்டர் உயரத்தில். உயரம் கூடக் கூட வெளிக்காற்றின் அழுத்தம் குறையும், தண்ணீர் சீக்கிரம் கொதிக்கும். டர்பனில் 100 டிகிரியில் கொதிக்கும் தண்ணீர் அங்கே 94 டிகிரியிலேயே கொதிக்கும். எஞ்சின் சாதாரணமாக ஓடுவதே 85, 90 டிகிரியில். ரேடியேட்டரில் வெறும் தண்ணீர், மேலே பிடிக்காத மூடி என்றால் உங்களுக்கு மிஞ்சுவது நாலிலிருந்து ஒன்பது டிகிரிதான். ‘ஊரில் நன்றாகத்தான் ஓடியது, மலையேறியதும் கொதித்துவிட்டது’ என்ற புகாரில் பாதிக்கு மேல் எனக்கு முதல் சந்தேகம் மூடிமேல்தான்.

ரப்பர் வளையம் வெடித்திருந்தாலோ, பதிந்து தட்டையாகியிருந்தாலோ, நடுவிலுள்ள சிறு வால்வு நகத்தால் இழுத்தால் திரும்பி மூடாமல் நின்றாலோ மாற்றிவிடுங்கள். அதே எண் போட்ட மூடியை வாங்குங்கள். ‘கூடுதல் அழுத்தம் கூடுதல் நல்லது’ என்று 0.9 இருந்த இடத்தில் 1.3 போட்டால் பழைய ஹோஸும் பிளாஸ்டிக் தொட்டியும்தான் முதலில் வெடிக்கும்.

நானே மாற்ற முடியுமா? எப்படி?

முடியும். ஒரு சனிக்கிழமைக் காலை போதும். முந்தின நாள் ஓட்டி, இரவு முழுதும் ஆறிய எஞ்சினாக இருக்கட்டும்.

முதலில் கையேட்டில் மொத்தக் கொள்ளளவைப் பாருங்கள். இந்தச் சிறு கார்களில் 5, 6 லிட்டருக்குள் இருக்கும். ஹீட்டர் லீவரை முழுச் சூட்டுக்குத் தள்ளுங்கள், அப்போதுதான் அந்தப் பக்கத்து நீரும் வெளியேறும். மூடியைத் திறந்து, ரேடியேட்டரின் அடியில் இருக்கும் குழாய்த் திருகைத் தளர்த்துங்கள். அது பிளாஸ்டிக், 20 வருஷம் சூட்டில் காய்ந்தது. கட்டிங் பிளேயரால் பிடித்து முறுக்கினால் கையோடு வந்துவிடும். அசையவில்லை என்றால் அதை விட்டுவிட்டு கீழ் ஹோஸைக் கழற்றுங்கள். திருகே இல்லாத ரேடியேட்டருக்கும் அதுதான் வழி. அகன்ற தொட்டி வையுங்கள், ஹோஸ் விலகியதும் ஒரே வீச்சில் கொட்டும்.

பலர் இத்தோடு நிறுத்திவிடுகிறார்கள். ரேடியேட்டரைக் காலி செய்தால் ஏறத்தாழ பாதிதான் வெளியே வரும், மீதி எஞ்சின் பிளாக்கில் நிற்கும். பிளாக்கில் வடிகால் போல்ட் இருந்து அது கழன்றால் நல்லது. துருப்பிடித்து இறுகியிருந்தால் பலவந்தம் வேண்டாம். தண்ணீர் நிரப்பி, எஞ்சினை தெர்மோஸ்டாட் திறக்கும் வரை ஓடவிட்டு, ஆறவைத்து, மறுபடி இறக்குங்கள். வெளியே வருவது தெளியும் வரை இதைத் திரும்பச் செய்யலாம். கடைசி முறை காய்ச்சி வடித்த தண்ணீராக இருக்கட்டும்.

வந்த நீரின் நிறத்தைப் பாருங்கள். காவி நிறம் என்றால் பிளாக்கில் துரு. மேலே எண்ணெய் மிதந்தால் கழுவுவதை நிறுத்திவிட்டு எண்ணெய் எங்கிருந்து வருகிறது என்று பாருங்கள்.

ஹோஸ்கள் கையில் இருக்கும்போதே அவற்றை வளைத்துப் பாருங்கள். வெடிப்பு, உப்பல், முனையில் பஞ்சு போன்ற மென்மை, எது இருந்தாலும் இப்போதே மாற்றுவது லாபம். ரேடியேட்டரின் மேல் ஹோஸ் மாட்டும் பிளாஸ்டிக் மூக்கு கறுப்பிலிருந்து பழுப்பாக மாறியிருந்தால் அது உடையும் பருவத்துக்கு வந்துவிட்டது.

ஊற்றும்போது ஒரு கணக்கு: பிளாக்கில் கழுவின தண்ணீர் இன்னும் நிற்கிறது. அதனால் கலந்து ஊற்றினால் கலவை நீர்த்துவிடும். கொள்ளளவு 5 லிட்டர் என்றால், கலக்காத கூலண்ட் இரண்டரை லிட்டரை முதலில் ஊற்றுங்கள், அப்புறம் நிறையும் வரை தண்ணீர். அப்போது பாதிக்குப் பாதி தானாகவே அமையும்.

காற்று எடுப்பது என்றால் என்ன?

மெதுவாக ஊற்றினாலும் உள்ளே காற்றுக் குமிழிகள் தங்கும். குமிழி ஹெட்டில் தங்கினால் அந்த இடத்தில் சூடு தணியாது. முன்சக்கரங்கள் மேட்டில் இருக்கும்படி வண்டியை நிறுத்துங்கள், நம் வாசல் சரிவே இதற்குப் போதும். மூடி திறந்திருக்கட்டும், ஹீட்டர் முழுச் சூட்டில் இருக்கட்டும், எஞ்சின் ஐடிலில் ஓடட்டும். மேல் ஹோஸை இடையிடையே அமுக்கிவிடுங்கள். பத்துப் பதினைந்து நிமிஷத்தில் தெர்மோஸ்டாட் திறந்ததும் மட்டம் திடீரென்று இறங்கும், அப்போது நிரப்புங்கள். குமிழி நின்று, ஹீட்டரில் நல்ல சூடான காற்று வந்து, ஃபேன் ஒரு முறை ஓடி நின்ற பிறகு மூடலாம். சில எஞ்சின்களில் தெர்மோஸ்டாட் உறையின் மேல் காற்றுத் திருகு இருக்கும், இருந்தால் வேலை எளிது. அடுத்த நாள் காலை ஆறியதும் மட்டத்தை மறுபடி பாருங்கள், கொஞ்சம் இறங்கியிருக்கும்.

தெர்மோஸ்டாட்டையே எடுத்துவிட்டால் சூடேறாது என்று மெக்கானிக் சொல்கிறார். சரியா?

வேண்டாம். எஞ்சின் தனக்குரிய சூட்டை அடையாமல் ஓடும்: பெட்ரோல் கூடக் குடிக்கும், ஆயிலில் நீர் தங்கும், சிலிண்டர் தேயும். சில எஞ்சின்களில் தெர்மோஸ்டாட் திறக்கும்போதே பைபாஸ் வழியை அடைக்கும். அதை எடுத்துவிட்டால் நீர் ரேடியேட்டருக்குப் போகாமல் குறுக்கு வழியில் சுற்றி, இன்னும் சூடேறும். பழைய தெர்மோஸ்டாட் மேல் சந்தேகமா? அடுப்பில் ஒரு பாத்திரத் தண்ணீரில் போட்டுச் சூடாக்குங்கள். அதன்மேல் பொறித்திருக்கும் டிகிரியை ஒட்டித் திறக்க வேண்டும். திறக்காவிட்டால் புதிதாக ஒன்று வாங்கிப் போடுங்கள்.

என்3 சாலையில் மேடு ஏறும்போது ஊசி மேலே போனால் என்ன செய்வது?

டர்பனிலிருந்து ஜோபர்க் ஏறத்தாழ 570 கிலோமீட்டர். அதில் பீட்டர்மாரிட்ஸ்பர்க் தாண்டியதும் வரும் டவுன் ஹில், அப்புறம் வான் ரீனன் கணவாய், இரண்டும் பழைய கூலிங் சுற்றைச் சோதித்துவிடும். லாரிகளுக்குப் பின்னால் மெதுவாக, குறைந்த கியரில், ஆள் நிறைந்து, சாமான் நிறைந்து ஏறும்போது எஞ்சின் உழைக்கும், காற்றோ போதாது.

ஊசி நடுவைத் தாண்டத் தொடங்கியதுமே ஏசியை நிறுத்துங்கள். ஜன்னல்களை இறக்கி, ஹீட்டரை முழுச் சூட்டிலும் முழு வேகத்திலும் போடுங்கள். உள்ளே வெந்துபோகும், ஆனால் அது ஒரு சிறு ரேடியேட்டராக வேலை செய்து சூட்டை வெளியே இழுக்கும். அப்போதும் ஏறினால் அடுத்த பாதுகாப்பான இடத்தில் நிறுத்துங்கள். சிவப்பு வரை பொறுக்க வேண்டாம். ‘அடுத்த டோல் கேட் வரைக்கும் போய்விடலாம்’ என்ற எண்ணம்தான் ஹெட்டை வளைக்கிறது.

எஞ்சினை நிறுத்தி, பானெட்டைத் திறந்து, குறைந்தது முக்கால் மணி நேரம் காத்திருங்கள். எல்லாரும் தடுப்புக் கம்பிக்கு அப்பால் நிற்கட்டும். ஆறுமுன் குளிர்ந்த தண்ணீர் ஊற்றினால் ஹெட் வெடிக்கும். ஆறியதும் மெதுவாக நிரப்பி, எங்கே ஒழுகுகிறது என்று பாருங்கள். ஹோஸ் வெடித்திருந்தால் டேப் சுற்றி, மூடியை முதல் நிலையில் மட்டும் வைத்து, மெதுவாக அடுத்த ஊர் வரை போகலாம். அழுத்தம் இல்லாததால் ஊசியை விட்டுக் கண்ணை எடுக்காதீர்கள்.

ஊசி ஏறிக்கொண்டிருந்தது, திடீரென்று தானாகவே இறங்கிவிட்டது. சரியாகிவிட்டதா?

உடனே நிறுத்துங்கள். சூட்டை அளக்கும் சென்சார் நீரில் மூழ்கியிருந்தால்தான் உண்மை சொல்லும். நீர் முழுதும் வெளியேறிவிட்டால் அது வெறும் காற்றில் தொங்கும், ஊசி இறங்கும், எஞ்சினோ உள்ளே எரிந்துகொண்டிருக்கும். போட்டிருந்த ஹீட்டரிலிருந்து திடீரென்று குளிர்ந்த காற்று வருவதும் இதே அடையாளம்.

ரேடியேட்டரின் வெளிப்பக்கத்தைக் கவனிக்க வேண்டுமா?

கட்டாயம். நார்த் கோஸ்ட் பக்கம் கரும்பு எரிக்கும் காலத்தில் கறுப்புச் சாம்பல் வந்து துணிமேல் விழுவதைப் பார்த்திருப்பீர்கள். அதே சாம்பல், பூச்சி, புல்விதை எல்லாம் ஏசி கண்டென்சருக்கும் ரேடியேட்டருக்கும் நடுவே மெத்தைபோல அடையும். முன்னாலிருந்து பார்த்தால் சுத்தமாகத் தெரியும், டார்ச் அடித்து நடுவில் பாருங்கள். எஞ்சின் பக்கத்திலிருந்து வெளிநோக்கி, தோட்டக் குழாயின் சாதாரண வேகத்தில் கழுவுங்கள். பிரஷர் வாஷர் கிட்டே வைத்தால் இதழ்கள் மடங்கிவிடும்.

கடலோரத்தில் நிற்கும் வண்டிகளுக்கு உப்புக்காற்று வேறு. கீழ் ஓரத்து இதழ்களை விரலால் தடவுங்கள். பொடியாக உதிர்ந்தால் குழாய் முழுசாக இருந்தும் சூட்டை வெளியே கொடுக்க இதழ் இல்லை. உள்ளே எத்தனை நல்ல கூலண்ட் ஊற்றினாலும் பயன் இராது, ரேடியேட்டரை மாற்றுங்கள்.

இறக்கிய பழைய கூலண்டை என்ன செய்வது?

சாலையோர மழைநீர் வடிகாலில் ஊற்றாதீர்கள், டர்பனில் அது நேராகக் கடலுக்குப் போகிறது. மூடியுள்ள பழைய டப்பாவில் ஊற்றி, வெளியே தெளிவாக எழுதி, பழைய ஆயில் எடுக்கும் பட்டறையிலோ நகராட்சியின் கழிவு மையத்திலோ கூலண்ட் வாங்குவார்களா என்று கேட்டு ஒப்படையுங்கள். குளிர்பான பாட்டிலில் ஒருபோதும் ஊற்றி வைக்காதீர்கள்.

காரணம் இதுதான்: எத்திலீன் கிளைக்கால் இனிப்பாக இருக்கும், கொடிய விஷம். நாய், பூனை தரையில் சிந்தியதை நக்கிவிடும். பூனைக்கு ஒரு டீஸ்பூன் அளவே உயிரைக் குடித்துவிடலாம். முதலில் தள்ளாடும், பிறகு தேறிவிட்டதுபோல் தோன்றும், அதற்குள் சிறுநீரகம் கெட்டுக்கொண்டிருக்கும். நக்கியதைப் பார்த்தால் அறிகுறிக்குக் காத்திருக்காமல் அந்த நேரமே கால்நடை மருத்துவரிடம் தூக்கிக்கொண்டு போங்கள். குழந்தை குடித்துவிட்டது என்ற சந்தேகம் வந்தாலே போதும், டப்பாவையும் எடுத்துக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு ஓடுங்கள். முறிவு மருந்து உண்டு, சீக்கிரம் கொடுத்தால்தான் வேலை செய்யும். வேலை முடிந்ததும் தரையில் சிந்தியதன்மேல் மணலைக் கொட்டி, அது உறிஞ்சியதும் வாரியெடுத்து, இடத்தை நன்றாகக் கழுவித் துடையுங்கள். அதுவரை நாயைக் கட்டிவைத்திருங்கள்.